மவுஸ் யார் கையில்?

இங்கிலாந்தில் படிக்கும் பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் 'ஒன் டு ஒன் ஸ்டடி ஸ்கில்ஸ்' உதவி கிடைத்திருக்கிறது என்று சொன்னால், தமிழ் வீட்டுக் காதில் அது 'டியூஷன்' என்றுதான் விழும். வாரம் ஒரு மணி நேரம், தனி ஆள், காசு அரசாங்கத்துடையது. அப்புறமென்ன, பாடம் நடத்துவார், நோட்ஸ் கொடுப்பார், அசைன்மென்டைத் திருத்தித் தருவார் என்று எதிர்பார்ப்பு வளர்ந்துவிடும். மூன்றில் ஒன்றுகூட நடக்காது. வருகிற டியூட்டருக்கு அந்தப் பாடமே தெரியாமல் இருக்கலாம். உயிர்வேதியியல் படிக்கும் மாணவிக்கு வரலாறு படித்தவர் வந்து உட்காருவார். அதில் குறை ஒன்றுமில்லை, ஏற்பாடே அப்படித்தான்.

மாணவருக்கு விஷயம் தெரிகிறது. கேட்டால் மடமடவென்று வாயால் சொல்கிறார். தாளில் கொண்டுவரும்போது டிஸ்லெக்சியாவோ (வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் சிரமம்), ஏடிஎச்டியோ (கவனத்தை நிறுத்துவதில் வரும் சிரமம்), ஆட்டிசமோ, தீராத உடல்வலியோ இடையில் வந்து நிற்கிறது. தெரிந்ததற்கும் தாளில் வருவதற்கும் நடுவே இருக்கும் அந்த இடத்தில்தான் டியூட்டருக்கு வேலை. இப்போது பெரும்பாலான அமர்வுகள் ஆன்லைனில், திரையைப் பகிர்ந்துகொண்டு நடக்கின்றன. அமர்வு சரியாகப் போகிறதா என்று பார்க்க ஒரே ஒரு அடையாளம் போதும்: மவுஸ் யார் கையில் இருக்கிறது? டியூட்டர் தட்டச்சு செய்ய, மாணவர் 'ஓகே, ஓகே' என்று தலையாட்டிக்கொண்டிருந்தால் அந்த ஒரு மணி நேரம் வீண். கட்டுரை வேண்டுமானால் நன்றாக வரும். அடுத்த கட்டுரைக்கு மாணவர் அதே இடத்தில்தான் நிற்பார்.

முதலில் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம், ஏனென்றால் பாதிப் பேர் அந்த வாசலிலேயே திரும்பிவிடுகிறார்கள். இங்கிலாந்தில் இதற்குப் பெயர் டிஸேபிள்ட் ஸ்டூடன்ட்ஸ் அலவன்ஸ், சுருக்கமாக டிஎஸ்ஏ. மாணவர் கடன் வழங்கும் அரசு அமைப்பான ஸ்டூடன்ட் ஃபைனான்ஸ் இங்கிலாந்து மூலம் வருகிறது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்குத் தனித்தனி ஏற்பாடுகள் உண்டு. இது கடன் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. பெற்றோர் வருமானத்தையும் பார்ப்பதில்லை. கல்விக் கடன் பெறத் தகுதி இருக்க வேண்டும், ஆனால் கடனை வாங்கியே ஆகவேண்டும் என்பதில்லை. வட்டி வேண்டாம் என்று கடனை ஒதுக்கிய குடும்பங்கள் டிஎஸ்ஏவையும் சேர்த்து ஒதுக்கிவிடுவது தேவையில்லாத இழப்பு. 2025–26 கல்வியாண்டுக்கான உச்சவரம்பு 27,783 பவுண்டு. இது கையில் கொடுக்கும் பணம் அல்ல. தேவை என்று மதிப்பிடப்பட்டதற்கு மட்டும், அந்த வரம்புக்குள், பெரும்பாலும் சேவை தருபவருக்கே நேராகப் போகும். கணினி வாங்கினால் முதல் 200 பவுண்டை மாணவர் கட்ட வேண்டும். பகுதிநேரப் படிப்பாக இருந்தாலும், முழுநேரப் படிப்பின் வேகத்தில் கால் பங்காவது இருந்தால் விண்ணப்பிக்கலாம்.

விண்ணப்பத்தோடு சான்று போகவேண்டும். டிஸ்லெக்சியா என்றால் உளவியலாளரோ, அதற்கான சான்றிதழ் உள்ள சிறப்பு ஆசிரியரோ எழுதிய முழு மதிப்பீட்டு அறிக்கை. மற்றவற்றுக்கு மருத்துவர் கடிதம். இங்கே நடக்கும் தவறு, நோயின் பெயரை மட்டும் எழுதி வாங்கி வருவது. சட்டம் கேட்பது வேறு. 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, அந்தக் குறைபாடு அன்றாட வேலைகளைக் கணிசமாகப் பாதிக்க வேண்டும், 12 மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும் அல்லது நீடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஆகவே கடிதத்தில் பெயர், எப்போதிலிருந்து, எவ்வளவு காலம், தினசரி வாழ்வில் என்ன பாதிப்பு என்ற நான்கும் இருக்கிறதா என்று அனுப்புமுன் விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். ஒன்று இல்லையென்றாலும் கோப்பு திரும்பி வரும், ஒரு மாதம் போகும்.

அடுத்தது நீட்ஸ் அசெஸ்மென்ட், அதாவது தேவை மதிப்பீடு. இது தேர்வு இல்லை, ஒரு பேச்சு. படிக்கும்போது என்னென்ன செய்கிறீர்கள், எங்கே தடுக்குகிறது என்று கேட்பார்கள். நம் பிள்ளைகள் பெரும்பாலும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். 'சமாளிச்சுக்குவேன்' என்பதுதான் வாயில் முதலில் வரும் பதில். சமாளிப்பதாகச் சொன்னால் அறிக்கையில் அப்படியே ஏறும், மணி நேரம் குறையும். 10 பக்கக் கட்டுரை ஒன்றைப் படிக்க வகுப்புத் தோழருக்கு ஒரு மணி நேரம், எனக்கு மூன்று மணி நேரம், படித்து முடித்தபின் முதல் பக்கம் நினைவில் இல்லை என்று அளவோடு சொல்ல வேண்டும். மோசமான நாளில் எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டும், நல்ல நாளை அல்ல. போவதற்கு முன் ஒரு வாரம் நேரக் கணக்கு எழுதி வைத்துக்கொண்டு போனால் வார்த்தை தேட வேண்டியிருக்காது.

சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ மாணவர் விசாவில் முதுகலை படிக்க வருபவர்களுக்கு டிஎஸ்ஏ கிடையாது. அதோடு கதவு அடைபடுவதில்லை. நியாயமான மாற்றங்களைச் செய்து தரும் கடமை பல்கலைக்கழகத்துக்கு உண்டு, அதே 2010 சட்டம் அதைச் சொல்கிறது. பிரிவு 20, அந்த மாற்றத்துக்கான செலவை மாணவரிடம் கேட்கக் கூடாது என்றும் சொல்கிறது. பல்கலைக்கழகங்கள் பலவும் தங்கள் சொந்த நிதியிலிருந்து இதே ஸ்டடி ஸ்கில்ஸ் உதவியைச் சில மணி நேரங்களுக்குத் தருகின்றன. கேட்க வேண்டிய இடம் டிசேபிளிட்டி சர்வீஸ், கேட்க வேண்டிய நேரம் சேர்க்கைக் கடிதம் வந்த வாரம். இந்தியாவின் யுடிஐடி அட்டையை (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) மட்டும் காட்டிப் பயனில்லை. அதில் சதவீதம் இருக்கும், படிப்பில் என்ன பாதிப்பு என்பது இருக்காது. ஆங்கிலத்தில் ஒரு விரிவான கடிதத்தை ஊரிலிருந்து கிளம்புமுன்பே வாங்கிவிட வேண்டும். குறைபாட்டைச் சொன்னால் பட்டச் சான்றிதழில் ஏறிவிடுமோ என்று பயப்படுகிறவர்கள் உண்டு. ஏறாது.

சரி, மணி நேரம் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் அமர்வுக்குக் கொண்டுவர வேண்டியவை: எல்லாப் பாடங்களின் கையேடு, கெடு தேதிகள், ஏற்கெனவே மதிப்பெண் போட்டு வந்த ஒரு கட்டுரை (ஆசிரியர் குறிப்போடு), விண்ணப்பத்தில் சான்றாக அனுப்பிய மதிப்பீட்டு அறிக்கை. கடைசியில் உள்ளதைப் பலர் ஒருமுறைகூடப் படித்திருக்க மாட்டார்கள். 30 பக்கம் இருக்கும், புள்ளிவிவரம் நிறைந்திருக்கும். நல்ல டியூட்டர் அதை மாணவரோடு சேர்ந்து படித்து, 'வாய்மொழித் திறன் மேலே, செயல் நினைவு கீழே' என்று எழுதியிருப்பது அன்றாடத்தில் எதைக் குறிக்கிறது என்று சொல்வார். செயல் நினைவு என்பது, ஒரு விஷயத்தை மனதில் பிடித்துக்கொண்டே இன்னொன்றைச் செய்யும் இடம். உளவியலாளர்கள் பாட்லியும் ஹிட்ச்சும் 1974-இல் இதற்கு ஒரு மாதிரியை முன்வைத்தார்கள், அது இன்றுவரை பேசப்படுகிறது. டிஸ்லெக்சியா உள்ள பலருக்கும் அந்த இடம் குறுகலாக இருக்கும். எழுத்துக்கூட்டலை யோசித்தால் வாக்கியம் நழுவும், வாக்கியத்தைப் பிடித்தால் வாதம் நழுவும். இது புரிந்தவுடன், 'நான் மக்கு இல்லை' என்ற நிம்மதியைக் காட்டிலும் பெரிய ஆதாயம் ஒன்று இருக்கிறது: வேலையைப் பிரித்துப் பிரித்துச் செய்ய வேண்டியதன் காரணம் தெரிந்துவிடும்.

முதல் அமர்விலேயே கற்றல் திட்டம் ஒன்று எழுதப்படும். 'கட்டுரை எழுதுவதில் முன்னேற வேண்டும்' என்று எழுதினால் அது திட்டமே இல்லை. 'டிசம்பருக்குள், டியூட்டர் பக்கத்தில் இல்லாமலே, ஒரு கேள்வியைப் பிரித்து ஒரு பக்க வரைவு போட வேண்டும்' என்பது திட்டம். எப்போது முடிந்தது என்று பார்த்துச் சொல்ல முடியவேண்டும், அவ்வளவுதான்.

இனி ஒரு மணி நேரத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். மாணவி சமூகப்பணி இரண்டாம் ஆண்டு, டிஸ்லெக்சியா உண்டு. கேள்வி: 'சமூக ஊடகம் பதின்பருவத்தினரின் மனநலத்தைக் கெடுக்கிறது என்ற கருத்தை, பிரிட்டனின் சான்றுகளைக் கொண்டு விமர்சன நோக்கில் ஆராய்க. 2,000 சொற்கள்.' கெடு மூன்று வாரம் கழித்து வெள்ளிக்கிழமை மதியம். மாணவி ஏற்கெனவே 1,100 சொற்கள் எழுதி வைத்திருக்கிறார். அத்தனையும் சமூக ஊடகத்தின் வரலாறு.

முதல் 10 நிமிடம் கேள்விக்கு. கேள்வியைப் பெரிய எழுத்தில் தனிப் பக்கத்தில் ஒட்டி, மாணவி மூன்று நிறம் பூசுகிறார். என்ன செய்யச் சொல்கிறது ('விமர்சன நோக்கில் ஆராய்க'), எதைப் பற்றி ('பதின்பருவத்தினர் மனநலம், சமூக ஊடகம்'), எல்லை எது ('பிரிட்டன்', '2,000'). நிறம் பூசாமல் விட்ட சொல் ஒன்று பாக்கி இருக்கிறது: 'என்ற கருத்தை'. டியூட்டர் அதைச் சுட்டிக்காட்டுவதில்லை. "நிறம் போடாத சொல் ஏதாவது இருக்கா?" என்று மட்டும் கேட்பார். மாணவி தேடிக் கண்டுபிடிப்பார். கேள்வி ஒரு கருத்தைச் சோதிக்கச் சொல்கிறது, வரலாறு கேட்கவில்லை என்பது அப்போதுதான் அவருக்கே தெரியும். 1,100 சொற்களைத் தூக்கிப் போடவேண்டும் என்ற கெட்ட செய்தியை டியூட்டர் வாயால் சொல்ல வேண்டியிருக்காது. (தூக்கிப் போட வேண்டாம், வேறொரு கோப்பில் 'கிடங்கு' என்று பெயர் போட்டு வைத்துக்கொள்ளலாம். அழிப்பதைவிட நகர்த்துவது மனதுக்கு லேசு.)

அடுத்த 5 நிமிடம் மதிப்பெண் அட்டவணை. அதில் விமர்சனப் பகுப்பாய்வுக்கு 40 சதவீதம், வாசிப்புக்கு 30, அமைப்புக்கு 20, மேற்கோள் முறைக்கு 10 என்று போட்டிருக்கிறது என்று கொள்வோம். மாணவியின் உழைப்பு எதில் போகிறது? மேற்கோள் முறையில். காற்புள்ளி எங்கே, சாய்வெழுத்து எங்கே என்று இரண்டு இரவுகள் போயிருக்கும். எண்ணைப் பார்த்தால் அவரே சிரிப்பார்.

பிறகு கணக்கு. 2,000 சொற்களில் முன்னுரைக்கு 200, முடிவுரைக்கு 200. மிச்சம் 1,600. ஒரு பத்திக்கு 200 என்றால் 8 பெட்டிகள். தாளிலோ திரையிலோ 8 பெட்டி வரைந்தாகிவிட்டது. மாணவி தலையில் 14 கருத்துகள் இருக்கின்றன. இங்கே 15 நிமிடம் போகும், போகட்டும். ஒவ்வொரு கருத்தையும் ஒரு ஒட்டுச்சீட்டில் எழுதி, பெட்டிக்குள் வைத்து, இடமில்லாததைக் கிடங்குக்கு அனுப்ப வேண்டும். எதை வைப்பது, எதை விடுவது என்று டியூட்டர் சொன்னால் கோட்டைத் தாண்டிவிட்டார் என்று அர்த்தம். கேட்கலாம்: "இது கருத்தை ஆதரிக்குதா, எதிர்க்குதா, இல்ல சும்மா பக்கத்துல நிக்குதா?" பக்கத்தில் நிற்பவை ஆறும் வெளியே போகும்.

ஒரு பெட்டியை மட்டும் அங்கேயே உடைத்துப் பார்ப்பது வழக்கம். மூன்றாவது பெட்டி, தூக்கக் குறைவு பற்றியது. "பத்தி என்ன சொல்லப் போகுது?" மாணவி பேசுவார். "எப்படித் தெரியும்?" சான்றைச் சொல்வார். "சரி, அதனால என்ன?" இங்கே ஒரு நீண்ட மௌனம் வரும். அந்த மௌனத்தை நிரப்பாமல் இருப்பதுதான் இந்தத் தொழிலில் மிகக் கடினமான திறமை என்பேன். பத்து நொடி, பதினைந்து நொடி. டியூட்டர் வாயைத் திறந்தால் விமர்சனப் பகுப்பாய்வு அவருடையதாகிவிடும். திறக்காமல் இருந்தால் மாணவி சொல்வார்: "தூக்கம் கெட்டதாலதான் மனநலம் கெடுதுன்னா, குத்தம் ஃபோன்லயா, ராத்திரியிலயா?" இதுதான் 40 சதவீதம். உடனே அதை அவர் குரலிலேயே பதிவு செய்ய வைக்க வேண்டும். வாய்மொழியை எழுத்தாக்கும் வசதி வேர்டிலேயே இருக்கிறது. எழுத்துக்கூட்டலை நினைத்துத் தயங்கினால் அந்த வாக்கியம் ஒரு நிமிடத்தில் ஆவியாகிவிடும்.

கடைசி 15 நிமிடம் நாட்காட்டிக்கு. வெள்ளி மதியத்திலிருந்து பின்னோக்கி: வியாழன் சமர்ப்பிப்பு, புதன் மேற்கோள் பட்டியல், திங்கள்-செவ்வாய் காதால் கேட்டுத் திருத்தம், அதற்கு முந்தைய வாரம் நாளுக்கு இரண்டு பெட்டி. அடுத்த அமர்வுக்கு முன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, அதுவும் இடம், நேரம், அளவோடு: 'செவ்வாய் 10 மணி, நூலகம் இரண்டாம் மாடி, 25 நிமிடம், பெட்டி 3-க்கு ஒரு ஆய்வுக் கட்டுரை தேடுவது.' 'நிறைய வாசிக்கணும்' என்று எழுதிக்கொண்டு போனால் செவ்வாய் வரும், போகும்.

வாசிப்பு தனிப் பெரிய தலைவலி. ஆய்வுக் கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிப்பது யாருக்குமே தேவையில்லை, டிஸ்லெக்சியா உள்ளவருக்கு அது தண்டனை. முதலில் சுருக்கம், அடுத்து முடிவுரை, பிறகு தலைப்புகள், கடைசியாக வரைபடங்கள். நான்கையும் பார்த்தபின் 'என் எந்தப் பெட்டிக்கு இது?' என்ற கேள்விக்குப் பதில் இல்லையென்றால் மூடிவிடலாம். பதில் இருந்தால் மூன்று நெடுவரிசைக் குறிப்பு: அவர்கள் சொல்வது, பக்க எண், நான் சொல்வது. மூன்றாவது காலியாக இருந்தால் இன்னும் படிக்கவில்லை, நகலெடுத்திருக்கிறோம். பக்க எண்ணை அப்போதே எழுதாமல் விட்டால், சமர்ப்பிக்கும் இரவில் அதே கட்டுரையை மறுபடி திறந்து தேட நேரும்.

உரையை வாசித்துக்காட்டும் மென்பொருளை வாங்கிக் கொடுத்துவிட்டு, 'பயன்படலை' என்று கைவிடுபவர்கள் அதிகம். காரணம் பெரும்பாலும் கோப்பில் இருக்கும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம், எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் மென்பொருள்) வழியாகப் போனால்தான் மென்பொருள் அதைப் படிக்கும். இரண்டு நெடுவரிசையாக அச்சான பக்கத்தில் இடது வரியையும் வலது வரியையும் சேர்த்து வாசித்துவிடும். வாக்கியத்துக்கு நடுவே வரும் பெயர், ஆண்டுகளையெல்லாம் விடாமல் ஒப்பிக்கும். முதல் இரண்டுக்கும் வழி உண்டு: அதே கட்டுரையின் இணையப் பக்க வடிவத்தைத் திறப்பது, அல்லது நூலகத்தில் மாற்று வடிவம் கேட்பது. அச்சு வாசிக்க இயலாத மாணவர்களுக்கு பார்வையற்றோருக்கான ஆர்என்ஐபி அமைப்பின் புக்ஷேர் சேவை பாடநூல்களைத் தருகிறது. குரலை மாற்றிப் பார்க்க வேண்டும், வேகத்தை முதல் வாரம் கூட்டக் கூடாது, கண்ணால் எழுத்தைப் பின்தொடர்ந்துகொண்டே கேட்க வேண்டும். நிறக் கண்ணாடித் தாள் பற்றிக் கேட்பார்கள். வசதியாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம். டிஸ்லெக்சியாவுக்கு அது மருந்து என்பதற்கு வலுவான சான்று இல்லை. திரையின் பின்னணியை வெளிர் மஞ்சளாக்க காசும் தேவையில்லை.

திருத்தம் என்ற இடத்தில்தான் சண்டை வரும். "கிராமர் மட்டும் பார்த்துக் கொடுங்களேன்." முடியாது. பிழைதிருத்தம் இந்த உதவியில் அடங்காது, அதில் பல்கலைக்கழகத்தின் கல்வி நேர்மை விதிகளும் குறுக்கே வரும். டியூட்டர் செய்யக்கூடியது ஒரு பத்தியை எடுத்து, என்ன வகைப் பிழை திரும்பத் திரும்ப வருகிறது என்று மாணவரையே கண்டுபிடிக்க வைப்பது. அதிலிருந்து மாணவரின் சொந்தப் பிழைப் பட்டியல் உருவாகும். 'ஃப்ரம்' எழுத நினைத்து 'ஃபார்ம்' என்று எழுதுபவருக்கு எழுத்துப்பிழைத் திருத்தி பல நேரம் உதவாது, இரண்டும் அகராதியில் உள்ள சொல். பட்டியலில் அது இருந்தால், சமர்ப்பிக்குமுன் கண்ட்ரோல் எஃப் அழுத்தி அந்தச் சொல்லை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம். ஐந்தாறு சொற்கள், பத்து நிமிடம். அதோடு திருத்தத்தை மூன்று தடவையாகப் பிரிக்க வேண்டும்: முதல் தடவை ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் வரிசையாகப் படித்து வாதம் ஓடுகிறதா என்று பார்ப்பது, இரண்டாவது தடவை முழுவதையும் காதால் கேட்பது, மூன்றாவது தடவை பட்டியல். மூன்றையும் ஒரே ஓட்டத்தில் செய்ய முயன்றால், முன்பு சொன்ன அந்தக் குறுகலான இடத்தில் நெரிசல்தான்.

இதுவரை சொன்னது பெரும்பாலும் டிஸ்லெக்சியாவை மனதில் வைத்து. மற்றவர்களுக்கு அதே பெட்டிகளை நீட்டினால் ஒத்துவராது.

ஏடிஎச்டி மாணவருக்குத் திட்டம் போடத் தெரியாமல் இல்லை. அழகழகாகப் போடுவார், நான்கு நிறத்தில். தொடங்குவதுதான் வராது. ஆகவே அமர்வின் பாதி நேரம் அங்கேயே வேலையைத் தொடங்குவதற்குப் போகவேண்டும். டியூட்டர் எதிரே சும்மா இருக்க, மாணவர் 20 நிமிடம் எழுதுகிறார். வெளியிலிருந்து பார்த்தால் காசுக்குச் சும்மா உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். ஆனால் கூட ஒருவர் இருப்பதே கவனத்தைப் பிடித்து நிறுத்துகிறது. பிறகு அதையே நண்பரோடு நூலகத்தில் செய்ய வழி பண்ண வேண்டும். ஒரு மணி நேரத்தை 30 நிமிடமாக வாரம் இரண்டு முறை வைக்க முடியுமா என்று சேவை தருபவரிடம் கேட்கலாம். மருந்து எடுப்பவரானால், கவனம் நன்றாக நிற்கும் நேரத்தில் அமர்வை வைக்க வேண்டும். மாலை 6 மணிக்கு வைத்துவிட்டு 'ஒத்துழைப்பு இல்லை' என்று குறிப்பு எழுதுவதில் நியாயமில்லை.

ஆட்டிசம் உள்ள மாணவருக்குப் பெரும்பாலும் சிக்கல் கேள்வியின் மங்கலில். 'பரவலாக வாசிக்கவும்' என்றால் எத்தனை? 'சுமார் 2,000' என்றால் 2,001 தவறா? பல துறைகளில் 10 சதவீதம் கூடக்குறைய விடுவார்கள், சிலவற்றில் விடமாட்டார்கள். யூகிக்காமல் ஆசிரியரிடம் கேட்க வேண்டும், கேட்பதற்கான மின்னஞ்சலை மாணவர் தாமே எழுதிப் பழக வேண்டும். மூன்று வரி: எந்தப் பாடம், எந்த வரி புரியவில்லை, நான் புரிந்துகொண்டது இது, சரியா? ஒருமுறை எழுதிய அந்த வடிவம் மூன்றாண்டுக்கும் பயன்படும். குழு வேலையில் யார் எதைச் செய்வது என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வதும் இதே வகைதான்.

தீராக் களைப்போ வலியோ உள்ளவருக்கு நேர மேலாண்மை பேசுவது கிட்டத்தட்ட அவமானம். அவரிடம் நேரம் இருக்கிறது, தெம்புதான் இல்லை. நாட்காட்டியில் மணிகளுக்குப் பதில் நல்ல வேளை, மந்த வேளை, படுக்கை வேளை என்று குறித்து, வாதம் எழுதுவதை நல்ல வேளைக்கும் மேற்கோள் பட்டியலை மந்த வேளைக்கும் ஒதுக்கலாம். கெடு நீட்டிப்பு கேட்குமுன் எல்லாக் கெடுவையும் ஒரே தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். ஒன்றை ஒரு வாரம் தள்ளினால் அது அடுத்ததன் தலையில் போய் உட்காரும்.

திரைவாசிப்பான் பயன்படுத்தும் பார்வையற்ற மாணவரிடம் மனவரைபடத்தை நீட்டும் டியூட்டர்கள் இன்னும் இருக்கிறார்கள். குமிழிகளும் கோடுகளும் அவருக்கு எதற்கு? வேர்டில் தலைப்புப் பாணிகளை முறையாகப் போட்டு வரைவை எழுதினால், என்விடிஏ என்ற திரைவாசிப்பானின் உலாவு நிலையில் எச் விசையைத் தட்டித் தட்டித் தலைப்புக்குத் தலைப்பு தாவலாம். அதுவே அவருடைய எட்டுப் பெட்டி. டியூட்டர் 'இங்கே பாருங்கள்', 'அந்த மேல் பத்தி' என்று பேசுவதை நிறுத்தி, 'தலைப்பு மூன்றின் கீழ் இரண்டாம் பத்தி' என்று சொல்லப் பழக வேண்டும்.

தேர்வுக்கு வருவோம். பிரிட்டனில் வழக்கமாகத் தரப்படும் கூடுதல் நேரம் 25 சதவீதம், அதாவது 2 மணி நேரத் தேர்வுக்கு 30 நிமிடம். இந்தியாவில் 2018-ஆம் ஆண்டின் மத்திய அரசு வழிகாட்டுதல் மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் தரச் சொன்னது, அந்தக் கணக்கில் 40 நிமிடம். தமிழ்நாட்டிலிருந்து வருபவருக்கு இந்தக் குறைவு முதலில் உறுத்தும். ஊரில் ஸ்க்ரைப் (சொல்வதைக் கேட்டு எழுதித் தருபவர்) வைத்து எழுதிப் பழகியவருக்கு இங்கே கணினியில் சொல்லி எழுதும் மென்பொருள் தரப்படலாம். மனித ஸ்க்ரைப் முற்றுப்புள்ளியைத் தானே வைத்துவிடுவார். மென்பொருளிடம் வாயால் சொல்லிப் பழக வேண்டியிருக்கும், அதற்கு ஒரு பருவமாவது பிடிக்கும். கூடுதல் நேரத்தில் கூடுதலாக எழுதுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. இரண்டு கட்டுரை கேட்கும் தேர்வில் 150 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்: கேள்விகளை இரண்டு தடவை படிக்க 10, வரைவுக்குத் தலா 15, எழுதத் தலா 50, கடைசியில் பிழைப் பட்டியலோடு பார்க்க 10. தேர்வுக்கு மூன்று வாரம் முன்பிருந்து கடிகாரம் வைத்து ஒத்திகை பார்க்காவிட்டால், தேர்வறையில் எந்தத் திட்டமும் நினைவுக்கு வராது.

ஏற்பாடே கெட்டுப்போகும் வழிகள் சில உண்டு. மணி நேரத்தைச் சேமித்து வைத்து மே மாதம் மொத்தமாகக் கேட்பது ஒன்று. அக்டோபரில் தொடங்கினால்தான் பழக்கம் ஒட்டும், மே மாதத்தில் நடப்பது தீயணைப்பு. 24 மணி நேர முன்னறிவிப்பு இல்லாமல் அமர்வைத் தவறவிட்டால் அது ஒதுக்கீட்டில் கழியக்கூடும், விதியை முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அமர்வு நடந்த நேரத்துக்கு மட்டும் கையெழுத்துப் போட வேண்டும். 'அடுத்த வாரத்துக்கும் சேர்த்துப் போட்டுடுங்க' என்று யார் கேட்டாலும் போடக் கூடாது, அது அரசுப் பணம். ஸ்டடி ஸ்கில்ஸ் டியூட்டரையும் மென்டரையும் குழப்பிக்கொள்வதும் நடக்கும். பதற்றம், தனிமை, எழுந்திருக்கவே முடியாத காலை, இவை மென்டரின் பக்கம். மூன்று அமர்வு தொடர்ந்து அழுகையில் போனால் மாணவருக்குத் தவறான வகை உதவி ஒதுக்கப்பட்டிருக்கிறது. டியூட்டரோடு ஒத்துவரவில்லையென்றால் மாற்றித் தரச் சொல்லலாம். நம் பிள்ளைகள் 'அவங்க மனசு கஷ்டப்படும்' என்று ஓராண்டு முழுக்கப் பொறுத்துப் போவார்கள். பெற்றோர் டியூட்டருக்கு ஃபோன் செய்து 'எப்படிப் படிக்கிறான்?' என்று கேட்டால் பதில் வராது. 18 வயது முடிந்தவரின் தகவல் அது.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றிய விதி பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம், சில இடங்களில் பாடத்துக்குப் பாடம் மாறுகிறது. பாடக் கையேட்டில் உள்ள அந்தப் பத்தியை அமர்விலேயே சேர்ந்து படித்துவிடுவது உத்தமம்.

இரண்டாம் பருவத்தில் ஒருநாள் மாணவி திரையைப் பகிர்வார். புதிய கேள்வி, மூன்று நிறத்தில் பூசி, எட்டோ பத்தோ பெட்டியோடு ஏற்கெனவே அங்கே இருக்கும். டியூட்டர் இணைப்புக்குள் வருவதற்கு முன்பே செய்தது. அன்று கற்றல் திட்டத்தைத் திறந்து அந்த வரியின் எதிரே தேதி போட்டுவிட்டு, வாரம் ஒரு மணி நேரம் என்பதை இரண்டு வாரத்துக்கு ஒன்றாக்கலாம். மீதமாகும் மணிகள் வீணாகாது. இறுதியாண்டு ஆய்வேட்டில் 10,000 சொற்கள் காத்திருக்கின்றன, அங்கே எட்டுப் பெட்டி போதாது.